சின்னம்மா கட்டிய ரப்பர் படங்கு

இளம் ஆய்வாளர் விருதுக்கான இறுதிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்த வருடம், ரப்பர் ஆய்வாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. கொழும்பில் நடந்திருந்தால் சின்னம்மாவை அழைத்துப் போயிருக்க மாட்டேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு சுவர்தான். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது அவர் தன் வீட்டு டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் பல்பகுதியம் என்று மனப்பாடம் செய்த பொலிமர் பாடத்தையே பல்கலைக்கழகத்தில் எடுத்து, ஆய்வு மாணவியாகவும் ஆனேன். எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமலிருக்க, இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். பழைய பொலித்தீன், உரச் சாக்கு, எது கிடைக்கிறதோ அதுதான் படங்கு. பருத்தித் துணியில் ரப்பர் பாலை மெல்லிய பூச்சாகப் பூசி, பாரமில்லாத, குளிரில் வெடிக்காத படங்கு ஒன்றைச் செய்வது என் ஆய்வு. பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "தோட்டத்துப் பெண் தோட்டத்துக்காகச் செய்கிறாள், இதைவிட நல்ல கதை கிடைக்காது" என்றார். எனக்கும் அது கதையாகவே பிடித்திருந்தது.

ரப்பர் பால் உறுதியாக இறுகுவதற்குச் சில மருந்துகளைச் சேர்ப்போம். இறுகிய பிறகு மிச்ச மருந்து துணியிலிருந்து போக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பத்துப் படங்குகள் செய்திருந்தேன். வெந்நீர்த் தொட்டியை வேறொரு மாணவன் பிடித்திருந்தான். விருதுக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன், மருந்து மணத்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

சின்னம்மாவும் அவருடன் மலையில் வேலை செய்த ஒன்பது பெண்களும் அவற்றைக் கட்டினார்கள். ஆறு வாரம் கட்டவேண்டும், பிறகு நான் கேள்வித்தாளை நிரப்ப வருவேன் என்பது ஏற்பாடு. மூன்றாம் வாரமே இரண்டு பெண்கள் கழற்றி வீசிவிட்டார்கள். இடுப்பெல்லாம் அரிக்கிறது என்றார்களாம். "இடையில் விலகியவர்கள்" என்று எழுதி அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

நாலாம் வாரம் நான் வீட்டுக்குப் போனபோது சின்னம்மா கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து விரல் வரை சிவந்து, பொரிந்து, இடையிடையே வெடித்து நீர் கசிந்தது. நனைந்த கை நாள் முழுவதும் படங்கில் உரசியிருக்கிறது.

"என்னன்னு தெரியல புள்ள. ராவுல தூங்க முடியல. படங்குனால இருக்குமோ?"

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த மருந்து என்பதும் தெரிந்தது.

"படங்குனால எப்படி வரும், சின்னம்மா? சவுக்காரம் ஒத்துக்காம இருக்கும். இல்லாட்டி மலைக்கு மருந்து அடிச்சாங்களே, அதுவா இருக்கும்."

"அப்ப கழட்டி வச்சுட்டுப் பாக்கட்டுமா?"

"கழட்டிடாதீங்க. இன்னும் ரெண்டு வாரந்தான். நீங்களே கழட்டிட்டா மத்தவங்களும் கழட்டிடுவாங்க."

"சரி, ஒம் படிப்புக்காகத்தானே" என்றார்.

அந்த இரண்டு வாரமும் அவர் கட்டினார். கேள்வித்தாளில் "தோலில் தொந்தரவு" என்ற இடத்தில் நானே "இல்லை" என்று எழுதினேன். சின்னம்மா கையெழுத்துப் போட்டார். விரலை மடக்க முடியாததால் பேனாவை நாலு விரலாலும் அள்ளிப் பிடித்திருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டம். படங்கைப் பாவித்த ஒருவரை அழைத்து வந்தால் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். லயத்தில் கை சுத்தமாக இருந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் எதையாவது உளறுவார்கள் என்று பயந்தேன். சின்னம்மா எதையும் எனக்கு எதிராகச் சொல்ல மாட்டார். காலை ரயிலில் நானுஓயா போய், அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. இறங்கியதும் சந்தைப் பக்கம் ஒரு கடையில் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

"குளுருக்கா?" என்றார்.

"ஆமா, போட்டுக்கங்க."

மெல்ல மெல்ல விரலை நுழைத்தார். கம்பளி வெடிப்பில் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நுவரெலியாவில் கையுறை போட்டவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இறுதிச் சுற்றில் நாங்கள் நாலு பேர். நான் மூன்றாவதாகப் பேசினேன். முடிந்ததும் நடுவர்களில் மூத்தவரான ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்: மிச்ச மருந்தைச் சரியாகக் கழுவினீர்களா? பாவித்தவர்களுக்குத் தோலில் அரிப்பு எதுவும் வரவில்லையா?

கழுவினேன், எதுவும் வரவில்லை என்றேன். அவர் விடவில்லை. முன்வரிசையில் இருந்த சின்னம்மாவைக் காட்டி, "அவரிடமே கேளுங்கள். தோல் அரித்ததா?" என்றார்.

சின்னம்மா எழுந்து நின்றார். நான் மேடையிலிருந்து தமிழில் கேட்டேன்:

"சின்னம்மா, படங்கு மழைக்குத் தாங்குதான்னு கேக்குறாங்க."

"நல்லாத் தாங்குதுங்க" என்று அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்தே சொன்னார். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலைங்க. எங்க புள்ள செஞ்சது."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒரு நாளும் அரித்ததில்லை என்கிறார். தன் மகள் செய்தது போல் இருக்கிறதாம்."

மண்டபம் கைதட்டியது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று சின்னம்மாவும் தட்டினார். கம்பளிக்குள் அந்தக் கைகள் தட்டியதில் சத்தமே வரவில்லை.

விருது எனக்குத்தான். இரண்டாம் இடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு. தேநீர் வேளையில் அவள் என் அருகில் வந்து நின்றாள்.

"அவ கேட்டது ஒண்டு, நீங்கள் தமிழில கேட்டது வேறொண்டு" என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு ரெண்டாவது எடம்னு வருத்தமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் கறுத்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்துதான் நானும் அப்படிக் கேட்டேன்.

அந்த விருதால் எனக்கு ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. முதல் வேலையாகக் கழுவும் முறையைச் சரிசெய்தேன். முழு நாள் ஊறவைத்த படங்குகள் யாரையும் அரிக்கவில்லை. அதைப் புதிய முன்னேற்றம் என்று ஒரு கட்டுரையாக எழுதினேன். அதற்கும் பாராட்டு வந்தது.

சின்னம்மாவின் கை ஆறவில்லை. கொஞ்சம் வாடும், மழையில் நனைந்தால் மறுபடி வெடிக்கும். அவர் பறிக்கும் கொழுந்து குறைந்ததால், வேலை பிரிக்கும் கண்டாக்கு அவரைப் புல்லு வெட்டப் போட்டார். அதுவும் முடியாமல் ஒரு நாள், காலையில் எல்லோரும் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்திலேயே, எல்லோர் முன்னாலும், "கை அழுகினவங்க வீட்டுல இருக்கணும்" என்று திருப்பி அனுப்பினார். பெரிய நோய், குஷ்டம் என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். அதையெல்லாம் அம்மா போனில் சொல்லச் சொல்ல, எனக்கு வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன்.

கடைசியில் அம்மா அழுததால் லீவு போட்டு வந்து, சின்னம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, டொக்டர் சின்னம்மாவின் முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். மறுபடி போனபோது ஒரு பொட்டின் கீழே மட்டும் தோல் கொதித்திருந்தது. டொக்டர் சிங்களத்தில் சின்னம்மாவிடமே பேசினார். ரப்பரில் போடும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, இனி வாழ்நாள் முழுக்க அப்படித்தான், ரப்பர் செருப்புகூட வேண்டாம். ரப்பர் வேலை ஏதாவது செய்தீர்களா?

சின்னம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நாற்பது வருடமாக மரக்கறிக்காரர்களோடும் பஸ்காரர்களோடும் பேசியவர். "செய்யல" என்று சிங்களத்திலேயே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில்தான் வாய் திறந்தார்.

"அன்னைக்கு ஹோட்டல்ல அந்த அம்மா என்னத்தக் கேட்டாங்க?"

சொன்னேன். படங்குகளைச் சரியாகக் கழுவாததையும் சொன்னேன். கை வெடித்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் இன்னும் ரெண்டு வாரம் கட்டச் சொன்னியா?"

"ஆமா."

பஸ் வந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"நீ அடுத்த பஸ்ஸுல வா" என்றார்.

லயத்தில் யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். போன ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெற்றிலை வைத்து அழைத்தார். நான் வாசலில் நிற்கும்போதே, என்னைத் தாண்டி உள்ளே போய் அழைத்தார். அம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

கல்யாணத்தன்று நான் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் மேளமும் சிரிப்பும் பாத்திரச் சத்தமும். இலை போடும் நேரத்தில் சின்னம்மாவின் குரல் கேட்டது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. இந்த வருடம் அந்த விருதுக்கான நடுவர்களில் ஒருவராக இருக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சம்மதம் சொல்லிவிட்டேன்.