திரும்பி வந்த தகரம்

மொரீசியஸ் தீவின் சுயாக் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கரும்புச் சோகைக் கூரை. அங்கே தை, மாசிதான் புயல் காலம்; அதற்கு முன் கூரையின் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டுவோம். அந்த வருடம் சோகை மக்கி ஒழுகியதால் தகரம் போட்டோம்.

"கயிறு கட்டலையா?" என்று கேட்டேன்.

"இது என்ன சோகையா, பறக்க? ஆணி அடிச்சிருக்கேன்ல" என்றார் என் கணவர்.

தை மாதப் புயலில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. மாட்டை அவிழ்க்க வெளியே வந்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் புருஷன் கழுத்தில் பாய்ந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் செய்த மறுநாள், அக்கா அந்தத் தகரத்தைத் தலையில் சுமந்து வந்தாள். தீட்டு என்பதால் உள்ளே வராமல் வாசலில் இறக்கினாள். கழுவியிருந்தாள்.

"மழை விடல. புள்ளைங்க நனையுதுங்க. எடுத்துப் போட்டுக்கங்க."

அதையே அடித்தோம். கயிறும் கட்டினோம். பிள்ளைகள் அதன் கீழே நனையாமல் வளர்ந்தார்கள். மழை பெய்தால் எனக்கு மட்டும் இன்றும் தூக்கம் வருவதில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேனோ என்னவோ.