பாங்காக் குளமும் எங்கள் கிணறும்

பாங்காக்கில் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாமக்கல்லில் கொடுத்த வாடகையோடு கொஞ்சம் சேர்த்ததற்கே அங்கே நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. தெருக்கடைச் சாப்பாடும் மலிவு. வசதியாகத்தான் இருந்தேன்.

குடிபோன முதல் ஞாயிறு, ஓடிவந்து குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தே நீச்சல் பழகியவன் நான். ஆழம் கேட்கும் வழக்கமே கிடையாது. குளத்தில் இருந்ததோ நாலடித் தண்ணீர். நெற்றி தரையில் மோதியது. காவலாளிதான் வெளியே இழுத்துப் போட்டார். ஒன்பது தையல். கழுத்து தப்பியது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர்.

போன சித்திரையில் ஊருக்கு வந்தபோது, துண்டோடு கிணற்றுமேட்டில் நின்று அப்பாவிடம் கேட்டேன்.

"தண்ணி எவ்வளவு கெடக்குதுங்கப்பா?"

"இடுப்பளவு இருந்தாலே பெருசு சாமி. போர் போட்டதுக்கப்பறம் கெணத்துல எங்க ஊறுது?"

மேலிருந்து பார்க்கத் தண்ணீர் பழையபடி பச்சையாக, ஆழமாகத்தான் தெரிந்தது.

இப்போது எங்கேயும் கேட்டுவிட்டு, படி வழியாகத்தான் இறங்குகிறேன். சொந்தக் கிணறானாலும்.