வாளிக்குள் விழுந்த மஞ்சள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மதினியின் கை சட்டென்று நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. நான் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பெரகல சந்தியில் இருக்கும் எங்கள் கடையில், திருவிழா எதுவும் இல்லாத மாதத்தில் மஞ்சள்தூள் இப்படி விற்கிறதே என்று கடைக்காரனுக்கே உரிய சந்தோஷத்தோடு சொன்னேன். "யாரு வாங்குறது?" என்றார். "உங்க தோட்டத்துப் பொம்பளைங்கதான்" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மதினி என் அண்ணன் மனைவி. விவசாயம் படித்து, மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள அதிகாரியாக இருந்தவர். வேலை செய்யும் பெண்கள் 'மிஸ்' என்பார்கள். தேயிலை பட்டுப்போன ஒரு சரிவைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் மல்லுக்கட்டி வாங்கி, கெட்டி ஓட்டுக்குள் பருப்பு வைத்திருக்கும் மக்கடேமியா மரங்களை நட்டவர் அவர்தான். விளைச்சலில் அந்தப் பெண்களுக்குப் பங்கு என்று பேச்சு. மரங்கள் நிமிர்ந்து நின்ற நேரம் பார்த்து வேரழுகல் வந்தது. மண்ணிலிருந்த ஒரு பூஞ்சணம் வேரைத் தின்ன, இலைகள் வெளிறிக் கொட்டின. இந்த மழை முடிவதற்குள் தேறாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு விறகுக்கு டர்பன்டைன் மரம் நடுவோம் என்று துரை சொல்லிவிட்டார். டர்பன்டைன் வந்தால் பெண்களுக்குப் பங்காவது ஒன்றாவது.

மதினி பதுளைக்குப் போய் இன்னொரு பூஞ்சணத்தை வாங்கி வந்தார். டிரைக்கோடெர்மா என்று பெயர். கெட்டதைத் தின்னும் நல்ல பூஞ்சணம். அவித்த அரிசியைப் பையில் கட்டி அதில் வளர்த்தால் பச்சைப் பசேலென்று படரும். எங்கள் குசினியில் அடுப்பு மேடை முழுக்க அந்தப் பைகள்தான். "எனக்கும் இதுலதான் சோறா?" என்று கேட்டுக் கேட்டு அண்ணன் ஓய்ந்து போனார். அதைத் தண்ணீரில் கரைத்துப் பெண்கள் வேருக்கு ஊற்றினார்கள். ஒரு மரமும் தேறவில்லை. "எங்க தப்பு பண்ணுனேன்னே தெரியலையே" என்று மதினி புலம்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் மஞ்சள் கதையை எடுத்தேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு கூடும் முன்பே மலையேறினார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். விஷயம் இதுதான். நல்ல காரியம் தொடங்கும்போது மஞ்சள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். மரம் பிழைக்க வேண்டுமே என்ற ஆசையில் ஒவ்வொரு வாளியிலும் ஒரு கை மஞ்சளைப் போட்டு, அம்மனை வேண்டிக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். புண்ணில் போட்டால் கிருமியைக் கொல்லும் மஞ்சள், மதினி வளர்த்த பூஞ்சணத்தை மட்டும் விட்டுவைக்குமா?

மதினிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"இந்த வாளியில இருக்கிறது உசுருங்க. மஞ்சள நம்ம நெத்தியில வச்சிக்குவோம், வாளிக்குள்ள வேணாம்."

அவர்களில் மூத்தவர் தயங்கினார். "சாமிய நெனச்சுப் போட்டத நிப்பாட்டுனா, அது கோவிச்சுக்காதா மிஸ்?"

"கோவிச்சா எங்கிட்ட வரட்டும். மரம் செத்தா எம்பேரச் சொல்லுங்க."

துரை கோபித்தால் வேலையோடு போகும். சாமி குற்றம் என்று அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சுக் கிளம்பினால் மதினி அந்தப் பெண்களின் முகத்திலேயே விழிக்க முடியாது. அது தெரிந்தேதான் சொன்னார்.

பெண்கள் மஞ்சளை நெற்றியோடு நிறுத்திக்கொண்டார்கள். மழைக்காலம் முழுக்க மதினியும் அவர்களோடு நின்று ஊற்றினார். மழை விடும் நேரத்தில் துரை வந்தார். மதினி ஒரு மரத்தடியில் மண்ணை விலக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று புதுவேர். எல்லா மரமும் பிழைக்கவில்லை, ஆனால் சரிவைக் காப்பாற்றப் பிழைத்தவை போதும். துரை டர்பன்டைன் பேச்சையே எடுக்காமல் இறங்கிப் போனார்.

இப்போது அங்கே காய் பொறுக்குகிறார்கள். பெண்களுக்குப் பங்கும் வருகிறது. வெலிமடைப் பக்கத் தோட்டங்களிலிருந்துகூட மதினியைத் தேடிக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். முன்பெல்லாம் அவரை விசாரித்தால் "கடைக்காரர் வீட்டு மருமக" என்பார்கள். எங்கள் கடைப் பலகையில் அப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மிஸ்ஸோட கொழுந்தன் கடை இதுதானுங்களா?"

"ஆமாங்க, இதேதான்" என்றேன், எழுந்து நின்று.