மச்சான் லைனும் மீன்தலை லைனும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மச்சான்! என் மனைவியின் தம்பி குமரேசன்.

அடுத்த நொடி நான் என்ன செய்தேன் தெரியுமா? டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியை வயரோடு பிடுங்கி, கைலியில் சுருட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

மனைவி சரோஜா பதறவில்லை. பழகிவிட்டது. படுக்கையறையில் இருந்த இன்னொரு வைஃபை பெட்டியை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார். முந்தானையால் தூசியைத் தட்டினார். பிறகுதான் கதவைத் திறந்தார்.

"வாடா தம்பி... மச்சான் குளிக்கிறாரு."

உடனே ஏதோ திருட்டு இன்டர்நெட் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பெட்டிக்கும் மாதா மாதம் ஒழுங்காகப் பில் கட்டுகிறேன். நாட்டில் பில் கட்டாதவனெல்லாம் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பில் கட்டுகிற நான் பாத்ரூமில் ஒளிந்திருக்கிறேன்... என் ஜாதகம் அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன்.

பாடாங் செராயை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்புக்கு வீட்டு இன்டர்நெட் வந்த காலத்தில் ஒரே ஒரு கம்பெனிதான். அவர்கள் வைத்ததுதான் விலை. லைன் போனால் வரும்வரை காத்திருக்க வேண்டும் — தேர்தலுக்குக் காத்திருப்பதுபோல. இப்போது? காலையில் கேட்டைத் திறந்தால் கலர் கலராக நோட்டீஸ் கொட்டுகிறது. ஒருவர் மூன்று மாதம் இலவசம் என்கிறார். இன்னொருவர் டிவி தருகிறார். மூன்றாமவர் ஏர் ஃப்ரையர் தருகிறார். இன்டர்நெட் வாங்கினால் ஏர் ஃப்ரையர் இலவசமா, ஏர் ஃப்ரையர் வாங்கினால் இன்டர்நெட் இலவசமா... எனக்கு இன்னும் தெளிவில்லை.

வேகத்தைப் பார், விலையைப் பார், ஒப்பந்தக் காலத்தைப் பார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் தாமானில் யாராவது வேகத்தைப் பார்த்திருக்கிறார்களா? நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாரு விக்கிறா?" என்பதுதான். "நம்ம கணேசன் மருமவன்" என்று பதில் வந்தால் போதும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்வியே கிடையாது!

அப்படித்தான் முதல் பெட்டி வந்தது. குமரேசன் ஒரு கம்பெனிக்கு ஏஜெண்டாகச் சேர்ந்த புதிது. மச்சான் லைன் எடுக்காமல் வேறு யார் எடுப்பது? எடுத்தேன்.

இரண்டாவது பெட்டிக்குக் காரணம் மீன்தலை.

டவுனில் நான் வழக்கமாகப் பசியாறும் கடை ஒன்று உண்டு. கடைக்கார பாயின் மகள் போட்டிக் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்துவிட்டாள். ஒரு மத்தியானம் பாய் எனக்குச் சோறு போட்டு, ஒரு முழு மீன்தலையை எடுத்து வைத்து, குழம்பை வெள்ளமாக ஊற்றிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, நம்ம புள்ள புதுசா ஆரம்பிச்சிருக்கு. மொத கையெழுத்து நீங்க போட்டா ராசியா இருக்கும் லா."

"பாய், எனக்கு ஏற்கெனவே ஒரு லைன்..."

"இருந்தா என்ன? ஒங்க வீட்டுல ரெண்டு காடி இல்லையா?"

மீன்தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் மறுக்க முடியவில்லை. போட்டேன். அன்று முதல் என் தட்டுக்கு வரும் மீன்தலைகள் பருத்துக்கொண்டே போகின்றன. அந்த லைனை வெட்டினால்? மறுநாள் தட்டில் வால்தான் கிடக்கும்.

சரி, மச்சான் லைனை வெட்டலாமே என்கிறீர்களா? நானும் ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வெட்டுங்களேன்" என்றார் சரோஜா. "வெட்டிட்டு, அவன் கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு பில்லும் தொடர்ந்தன. மச்சான் வந்தால் ஒரு பெட்டி, தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குப் பாய் குடும்பம் வந்தால் இன்னொரு பெட்டி. இடம் மாற்றி வைப்பதில் நானும் சரோஜாவும் சர்க்கஸ்காரர்கள் ஆகிவிட்டோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? என் பணம், என் பைத்தியம்... அப்படித்தான் நினைத்திருந்தேன், கவிதா பக்கத்து வீட்டுக்குக் குடிவரும்வரை.

கவிதா சின்னப் பெண். மடியில் கைக்குழந்தை. கணவனுக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். கவிதாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டாள். ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகையும் பால் மாவும் சமாளிக்க முடிகிற காலமா இது? தேடித் தேடி, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றைப் பிடித்துவிட்டாள். ஹோட்டல்களில் ரூம் புக் செய்கிறவர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. ஒரே நிபந்தனை — வேலை தொடங்கும் திங்கட்கிழமைக்குள் அவள் வீட்டு விலாசத்தில் ஃபைபர் லைன் இருக்க வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட் செல்லாது.

"அதுக்கென்னம்மா, நம்ம வைஃபைய எடுத்துக்க" என்றேன். தாராள மனசு எனக்கு.

"ஒத்துக்க மாட்டாங்க அங்கிள். சொந்த லைன்தான் வேணுமாம். அப்ளை பண்ணிட்டேன், இன்னைக்கு ஆள் வருது."

"கிடைக்காட்டி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பழையபடி ஃபேக்டரிதான். பிள்ளைய செர்டாங்ல அம்மாகிட்ட விட்டுட்டு, ஆஃப் நாள்ல போய்ப் பாத்துக்க வேண்டியதுதான்."

குழந்தை அவள் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. சரோஜா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லைன் போட வந்த தம்பி ஏணியைச் சாய்த்து, கம்பத்தின் மேலே இருந்த பெட்டியைத் திறந்தான். நான் கீழே காப்பிக் கோப்பையோடு நின்றேன். கம்பத்தில் யார் ஏறினாலும் கீழே நின்று மேற்பார்வை பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"சோரி அக்கா" என்றான் மேலிருந்து. "போர்ட் பெனோ."

போர்ட் என்றால் லைனைச் சொருகும் ஓட்டை. பெனோ என்றால் மலாயில் நிரம்பிவிட்டது. வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி வைத்திருக்கும் ஓட்டைகளில் ஒன்றுகூடக் காலியில்லை. புதுப் பெட்டி மாட்ட மேலிடம் உத்தரவு தர வேண்டும். எப்போது வரும்? தம்பி வானத்தைக் காட்டினான்.

கவிதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வீட்டுக்கு ஒண்ணுன்னா இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி இல்லாம போகும்?" என்று நியாயம் கேட்டேன்.

"ஒரு வீட்டுல ரெண்டு லைன் போட்டிருக்காங்க அங்கிள்."

"ரெண்டா? ரெண்டு வேற வேற கம்பெனியா இருந்தா?"

"கம்பெனி வேறதான். கம்பி ஒண்ணுதான். எல்லாரும் இதுலதான் சொருகணும்."

பார்த்தீர்களா? கீழே ஆளுக்கொரு கலரில் நோட்டீஸ் அடித்து மல்லுக்கட்டுகிறவர்கள், கம்பத்து உச்சியில் ஒரே பெட்டிக்குள் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்! ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதை ரசிக்கத் தோன்றவில்லை. ரத்தம் கொதித்தது.

"யாருப்பா அந்தப் பெரிய மனுசன்? பணத் திமிரா? ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு லைன்? இவனுங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம சமுதாயம் முன்னேறவே மாட்டேங்குது! எந்த வீடு சொல்லு, நான் பேசிக்கிறேன்."

தம்பி கம்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். பிறகு எங்கள் கேட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அங்கிள்... இது ஒங்க வீடுதானே?"

காப்பி ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் ரொம்ப நேரம் ஊதி ஊதிக் குடித்தேன்.

உள்ளே போனால் சரோஜா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் லோரோங் தெருவில் நான் பேசுவது யார் காதில்தான் விழாது?

"ஒண்ண வெட்டுங்க" என்றார்.

"எத?"

பாய் லைனுக்கு ஒப்பந்தக் காலம் முடியவில்லை. இப்போது வெட்டினால் அபராதம். மச்சான் லைனுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அதாவது, எந்த நேரமும் வெட்டியிருக்கலாம். இது சரோஜாவுக்கும் தெரியும். குழந்தையின் முதுகைத் தட்டியபடியே சொன்னார்.

"என் தம்பி லைனத்தான் வெட்டணும். போய் மொதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு வாங்க. அடுத்தவங்க சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது."

"நீயும் வாயேன்?"

"எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. ஒங்களுக்கு அப்படியா?"

எனக்கு மூன்று மச்சான்களா இருக்கிறார்கள்? ஆனால் அது எதிர்வாதம் செய்யும் நேரமில்லை.

கூலிமில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'குமரேசா, நீ தப்பா நினைச்சுக்கக்கூடாது...' சரியில்லை. 'மச்சான், நம்ம உறவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை...' ஐயோ, பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறதே! அதற்குள் அவன் வீடு வந்துவிட்டது. வாசலில் காடியை நிறுத்தினேன்.

உள்ளே திடீரென்று ஒரே ஓட்டமும் சாட்டமும். மச்சான் மனைவி கையில் துண்டோடு டிவிப் பக்கம் பாய்ந்தாள். நான் கதவுக்கு வருவதற்குள் டிவிக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று துண்டால் மூடப்பட்டிருந்தது. துண்டுக்கு அடியிலிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் மினுக்கியது.

அந்த மினுக்கல் எனக்குத் தெரியாதா?

"என்ன மச்சான் அது?"

குமரேசன் தலையைச் சொறிந்தான். "அது... வேற கம்பெனி வைஃபை மச்சான்."

"ஏன், உன் கம்பெனி?"

"அத விட்டு ரொம்ப நாளாச்சு லா. இப்ப ஏர்கோன் விக்கிறேன்."

"அப்ப, நான் மாசா மாசம் கட்டினது?"

"எனக்கு ஒரு காசு வராது. லைன் போட்ட அன்னைக்கு வந்த கமிஷனோட சரி."

"ஏன்டா சொல்லல?"

"எப்படி மச்சான் சொல்றது? நான் வீட்டுக்கு வர்றப்பல்லாம், 'ஒன் லைன்தான்டா லைனு'ன்னு பெருமையா பேசுறீங்க. நான் வேற லைனுக்கு மாறிட்டேன்னா உங்க மனசு கஷ்டப்படாதா?"

அவன் மனைவி துண்டை எடுத்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். அவள் டீ கொண்டுவரும்வரை நிறுத்த முடியவில்லை. என் மனசு நோகாமல் இருக்க அவன் துண்டு போட்டிருக்கிறான். அவன் மனசு நோகாமல் இருக்க நான் பாத்ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். இடையில், எங்கள் இருவரையும் யாரென்றே தெரியாத ஒரு கம்பெனி மாதா மாதம் பில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

நேராக அந்தக் கம்பெனியின் கவுண்டருக்குப் போனேன். வெட்ட வேண்டும் என்றதும் கவுண்டரில் இருந்த பெண் பதறிவிட்டார்.

"அங்கிள், ஏன் போறீங்க? பாதி விலைக்குத் தரோம். வேகத்தையும் கூட்டித் தரோம்."

இத்தனை காலம் முழு விலை கட்டியபோது வராத அன்பு, போகிறேன் என்றதும் பொங்கிக்கொண்டு வந்தது! பாதி விலை... எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியதை மறைப்பானேன்? ஓசி என்றால் வெந்நீரைக்கூட வாங்கிக் குடிக்கிற ஆள் நான். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

"அந்தப் பாதி விலைய என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தர முடியுமா?"

"முடியாது அங்கிள். இது போகப்போற கஸ்டமருக்கு மட்டும்தான்."

"அப்ப நான் போறேன்மா."

கையெழுத்துப் போட்டேன். ஏணித் தம்பிக்குப் போன் அடித்தேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்தான். மேலே ஏறி, என்னுடையதைப் பிடுங்கி, கவிதாவுடையதைச் சொருகினான். நான் கீழேதான் நின்றேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை கவிதா வேலையைத் தொடங்கினாள். தாமான் வீடுகளின் சுவர் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்குத் தெரியுமே... பகலெல்லாம் அவள் குரல் எங்கள் ஹாலுக்குள் வருகிறது. தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் யார் யாரோ அவளிடம் கத்துகிறார்கள் போலிருக்கிறது. அவள் ஒருவரிடமும் குரலை உயர்த்துவதில்லை. "உங்க சிரமம் புரியுது சார்... வருத்தப்படுறேன் சார்... கொஞ்சம் லைன்ல இருங்க சார்." நடுநடுவே குழந்தை ஒரு குரல் கொடுக்கும். அவள் வேலை முடிக்கும்வரை சரோஜா போய்த் தூக்கி வந்து வைத்துக்கொள்வார்.

இதில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம். நாள் முழுக்கச் சுவரில் காதை வைத்துக் கேட்ட சரோஜா, நேற்று இடுப்பில் குழந்தையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மொகந்தெரியாத ஆளுங்ககிட்டகூட அந்தப் பிள்ளை எவ்வளவு பதமா பேசுது பாருங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட நீங்க ஒரு நாளாவது அப்படிப் பேசியிருப்பீங்களா?"

"உங்க சிரமம் புரியுது மேடம்" என்றேன். "கொஞ்சம் லைன்ல இருங்க."

இன்னும் லைனில்தான் இருக்கிறார் — கையில் அகப்பையோடு.