அவர் எடுக்க மறுத்த காவடி

எங்கள் குடும்பத்தில் கடவுளைக் கும்பிடாத ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர், மற்றவன் என் தம்பி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாத்திகன் என்கிற ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேரையும் பல வருடங்களாக அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இவர் புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடையில் நின்றார். தம்பிக்குக் கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் வேலை, அங்கேயே ஓர் அறை. வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

நான் சாமிப்படத்துக்கு விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிக்கும்வரை வாசலில் நிற்பான். பிறகு உள்ளே வந்து விபூதியை அள்ளி நெற்றி நிறையப் பூசுவான்.

“பவுடர் போட்டாச்சு. சோத்தைப் போடு அக்கா.”

“இல்லாத கடவுளுக்கு ஏனடா விபூதி?”

“கடவுள்தான் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு இருக்கே!”

கொட்டாஞ்சேனையில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் திருநாள் வந்தால் அங்கேயும் முதல் பந்தியில் இருப்பான். கடவுள் இல்லை என்பது அவனுக்கு அவ்வளவு சுகமான விஷயம். இருந்தால் இவ்வளவு சனம் சாகுமா என்று கேட்பான். அதோடு அந்தக் கதை அவனுக்கு முடிந்துவிடும்.

இவர் வேறு மாதிரி. விபூதித் தட்டை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போவார். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டேன்.

“கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு நெத்தியில பூசிக்கொண்டு போக ஏலாது. நீர் கும்பிடும், நான் தடுக்கேல்லையே” என்றார்.

தடுக்கவில்லை என்பது உண்மை. கடற்காற்றில் விளக்கு அணையாமல் யன்னலைச் சாத்துவதும் அவர்தான். ஆனால் எனக்குத் தம்பி மேல் என்றே பட்டது. அவன் விபூதியாவது பூசுகிறானே! இவருக்குக் குனியப் பிடிக்கவில்லை, அதுதான் ‘தெரியாது’ என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் நகரத்தில் குண்டொன்று வெடித்த பிறகு எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். ஆண்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு கீழே இறங்கச் சொன்னார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தவர்களைப் பிரித்து, இவரையும் சேர்த்து, லொறியில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டுப் பின்னேரம் விடுவோம் என்று சிங்களத்தில் சொன்னான் ஒரு பொலிஸ்காரன். பின்னேரம் விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது அங்கே இல்லை, வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்.

தம்பி வேலைக்குப் போகாமல் என்னோடு அலைந்தான். புறப்படும்போதெல்லாம் ஒரே சண்டை.

“பொட்டை அழிச்சுப்போட்டு வா அக்கா. வழியெல்லாம் செக்கிங்.”

“ஏலாது.”

“நீ ஆரெண்டு நெத்தியில எழுதி ஒட்டிக்கொண்டு போறாய்.”

“நான் ஆரெண்டு முருகனுக்குத் தெரியட்டும். அவனிட்டத்தானே கேக்கிறன்.”

அந்த நாட்களில் தமிழர் என்று தெரியாமலிருக்க எத்தனையோ பெண்கள் பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கும் மறுமொழி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து முருகன் கோயிலுக்குப் போய், கொடிமரத்தடியில் விழுந்து, நேர்த்தி வைத்தேன். “இவரை உயிரோட தா. வாற தேர்த் திருவிழாவுக்கு இவரே உனக்குப் பால்காவடி எடுப்பார்” என்று வாய்விட்டுச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மனைவிமாரும் தாய்மாரும் அப்படித்தான் நேருவோம். யார் பிழைத்து வருகிறாரோ அவர் உடம்பால் தீர்க்க வேண்டும். வருகிறவரிடம் முன்கூட்டிக் கேட்கிற வழக்கம் இல்லை.

இவர் வந்தார். கடை முதலாளி தனக்குத் தெரிந்த ஒரு பொலிஸ் அதிகாரியைப் பிடித்து, நேரே போய், இது என் கடையில் நிற்கிற ஆள் என்று பொறுப்பேற்று, தன் வானிலேயே கொண்டுவந்து இறக்கினார். மெலிந்து, தாடியோடு, இவர் படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்.

தம்பி சும்மா இருப்பானா?

“அத்தானை வெளியில எடுத்தது முதலாளி அக்கா. உன்ர முருகனில்லை.”

“முதலாளியின்ர மனசைத் திறந்தது ஆர்?”

“அவர் நல்ல மனுசன். இனி அத்தானைக் கேள்.”

கதிரையில் சாய்ந்திருந்த இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “முதலாளி வந்தது எனக்குத் தெரியும். அவரை ஆரும் அனுப்பினவையோ எண்டது தெரியாது.”

உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று பொறுத்திருந்து, நேர்த்தியைச் சொன்னேன். தேருக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. கையில் தேத்தண்ணீரோடு என்னையே பார்த்தார்.

“ஆரைக் கேட்டு நேர்ந்தனீர்?”

“கேக்கிற இடத்திலயே நீங்கள் இருந்தனீங்கள்?”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் தலையை ஆட்டினார். “ஏலாது. வேற என்னவும் சொல்லும், செய்யிறன்.”

பெற்றுக்கொண்டு கடனைக் கொடுக்காவிட்டால் பெற்றது நிலைக்குமா? அந்தக் கிழமையும் அடுத்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. வாசலில் வாகனம் ஒன்று நின்றாலே யன்னலுக்கு ஓடிப்போய்க் கீழே பார்ப்பேன். இவர் காவடி எடுத்தால்தான் இவர் எனக்கு மிஞ்சுவார் என்று நான் நம்பினேன். கெஞ்சினேன். ஒருநாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். அவர் தானே முட்டை பொரித்து, எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். வெள்ளிக்கிழமை முட்டை ஆகாது என்பதைக்கூட மறந்துவிட்டார் மனிதன்.

அன்றைக்கு வந்த தம்பியிடம் முறையிட்டேன். அவன் என் பக்கமே நின்றான்.

“அத்தான், என்ன பெரிய கதை? ஒரு வளைச்ச தடி, கொஞ்சம் மயிலிறகு, ரெண்டு செம்பு பால். தூக்கிக்கொண்டு நாலு வீதியைச் சுத்திவிட்டால் அக்கா நிம்மதியா நித்திரை கொள்ளுவா. நீங்கள் ஏலாதெண்டா நான் எடுக்கிறன். ஆடியும் காட்டுறன்!” என்று சொல்லி, மேசையிலிருந்த பேப்பரைத் தோளில் வைத்து ஒரு சுற்றும் சுற்றினான்.

இவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: “மச்சான், நீர் ஆடலாம். உமக்கு அங்க ஒருத்தரும் இல்லை. வெறும் கல்லுக்கு முன்னால ஆர் என்ன கூத்தும் ஆடலாம். எனக்கு அப்பிடியில்லை. அங்க ஒருத்தர் இருந்தாலும் இருக்கலாம். அவருக்கு முன்னால போய், நம்பாமல் நம்பின மாதிரி நான் எப்பிடி நடிக்கிறது?”

தம்பி பேப்பரை மேசையில் வைத்தான். “உங்களோட கதைச்சு வெல்லேலாது அத்தான்” என்றான்.

நான் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு விளங்காதது அப்போதுதான் விளங்கியது. தம்பிக்குக் காவடி வெறும் தடி, அதனால் அவனுக்கு அது லேசு. இவருக்கு அது பாரம். கோயிலுக்குள் யாரோ இருக்கக்கூடும் என்று பயந்து ஒதுங்கி நிற்கிற மனிதரை, யாருமே இல்லை என்று சிரிக்கிறவனோடு ஒன்றாகக் கட்டி வைத்திருந்தேன். தெரியாது என்கிறவர்களுக்குப் படித்தவர்கள் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆள் எப்படி இருப்பார் என்று தெரியும்.

வெளியே வந்து தம்பியிடம் சொன்னேன்: “நீ எடுக்க வேண்டாம். உன்ர ஆட்டம் முருகனுக்கு வேண்டாம்.” இவரிடம் சொன்னேன்: “நீங்களும் எடுக்க வேண்டாம். வாயால சொன்னது நான். நான் கற்பூரச்சட்டி எடுக்கிறன். முருகன் ஏற்பான்.”

ஏற்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. என் முருகன் கடைக்காரன் இல்லை, சொன்ன சாமானேதான் வேண்டும் என்று அடம்பிடிக்க.

தேரன்று தம்பியும் வந்தான். கோயில் வாசலில் எங்கள் செருப்புகளைக் காவல் காக்கிறேன் என்று, கடதாசியில் சுற்றிய கடலைச் சரையோடு உட்கார்ந்துகொண்டான். எங்கள் கோயிலில் கற்பூரச்சட்டி பெண்கள் எடுப்பது. அடியில் வேப்பிலையும் ஈரத்துணியும் வைத்து இரண்டு கையாலும் ஏந்தி, தேருக்குப் பின்னால் வீதி சுற்ற வேண்டும். எடுக்கிறவளுக்குக் கை ஒழிவிராது. நெருப்பு அணையாமல் கற்பூரக் கட்டிகளைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டிருந்தேன். சட்டியை ஏந்தித் திரும்பினால், கற்பூரப் பையோடு இவர் நிற்கிறார். வேட்டியோடு, மேலில் சட்டை இல்லாமல்.

“இது நடிப்பில்லையே?” என்று கேட்டேன்.

“உமக்குக் கை சுடும். அது எனக்கு நல்லாத் தெரியும். நடவும்.”

வீதி முழுக்க என் பக்கத்திலேயே வந்தார். நெருப்புத் தணியும் முன்னமே கட்டி விழுந்துகொண்டிருந்தது. சுற்றி முடித்து மூலஸ்தானத்துக்கு நேரே வந்து நின்றோம். மணியும் மேளமும் காதை அடைத்தன. அவர் கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, உள்ளே பார்த்து, ஒரு மனிதரோடு கதைக்கிற குரலில் சொன்னார். தோளோடு தோள் நின்றபடியால் எனக்குக் கேட்டது.

“இருக்கிறீரெண்டால், வந்திருக்கிறன். இவ சொன்னதுக்காக.”

இத்தனை வருடம் நான் படித்த தேவாரம் எல்லாம் நெஞ்சுக்குள் ஒருதரம் எழும்பியது. கடன் தீர்ந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு சுற்றிவளைப்புகள் வந்தன, இவரை வரிசையில் நிறுத்தினார்கள், நான் பயந்தேன். ஆனால் கொடுக்காத கடன் என்ற பயம் அதில் இருக்கவில்லை.

சட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்தோம். தம்பி எழுந்து கடலைச் சரையை நீட்டினான்.

“என்ன அத்தான், ஆள் உள்ளுக்கு இருக்கிறாரோ?”

“உமக்கு வேணுமெண்டால் நீர் போய்ப் பாரும் மச்சான்” என்று சொல்லி, இவர் என் கையைத் திருப்பிச் சூட்டுக் காயம் இருக்கிறதா என்று பார்த்தார்.