ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த காய்ச்சல்

என் உம்மாவின் பெயர் சாரா. கண்டக்குழியில் கருவாடு போட்டு எங்களை வளர்த்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் குடும்பத்து ஆண் பிள்ளைகளைக் கொன்ற நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். உயிர் இரசாயனம் படித்த நான் அல்ல.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் கண்டக்குழிக் கடலில் படகு இறக்க முடியாது. சட்டி பானையோடு உப்புநீர்க் களப்பைத் தாண்டி உச்சமுனைக்குப் போய், ஓலையால் வாடி கட்டித் தங்குவோம். படுக்கை மணலில்தான். அங்கே பிள்ளைக்குச் சளி பிடித்தால் அது வாடிக் காய்ச்சல். எத்தாளையில் கல்வீடு உள்ள சொந்தக்காரரிடம் பிள்ளையை விட்டுவிடுவதுதான் வைத்தியம். என் தம்பி நௌஃபரையும் அப்படித்தான் விட்டார்கள். நான்கு வயதில், அந்தக் கல்வீட்டில், நிமோனியாவால் மௌத்தானான். உம்மா பக்கத்தில் இருக்கவில்லை.

அடுத்த தம்பி றஸீனுக்குப் பிறந்த எட்டாம் மாதத்தில் காதில் சீழ் வடிந்தது. பிறகு திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி. வாப்பாவுக்கு மூத்த ராத்தா, மர்ளியா மாமி, வாடி வாசலுக்கே வந்துவிட்டார்.

"இவனையாவது எத்தாளைக்கு அனுப்பு சாரா."

"அனுப்பினவன் திரும்பி வந்தானா மதினி?"

"அப்ப இது வாடிக் காய்ச்சல் இல்லையா, பெரிய டொக்டர் அம்மா?"

"எண்ட மகளும் இந்த மணல்ல படுத்து வளந்தவதான். ஆம்புளப் புள்ள, பொம்புளப் புள்ளண்டு மணலுக்குத் தெரியுமா?"

மறுநாள் உம்மா நான் படித்த பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன்.

"நீயும் அந்தத் தண்ணிதான் குடிச்ச மகள். எண்ட உம்மாக்கு ரெண்டு ஆம்புளப் புள்ள, ரெண்டும் இல்ல. தங்கச்சிக்கு ஒண்டு, இல்ல. எனக்கு ஒண்டு, இல்ல. பொம்புளைகள் எல்லாரும் இரிக்கிறம். இது எங்கட வயித்தால வருது."

தாய்வழியாக ஆண்களைத் தாக்கும் நோய்கள் பற்றி அந்த ஆண்டுதான் பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருந்தேன். பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியிலும் உம்மா அதையே சொன்னார். வைத்தியர் உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் றஸீனின் உடம்பில் அநேகமாக இல்லை.

காரணம் பிறகு மரபணுச் சோதனையில் தெரிந்தது. உடம்பின் ஒரு கலத்துக்கு, அதாவது செல்லுக்கு, வெளியிலிருந்து கட்டளை வந்ததும், அதன் மென்சவ்வின் உட்பக்கத்தில் ஒரு வகைக் கொழுப்பு தோன்றும். உள்ளே மிதக்கும் சில புரதங்களில் அந்தக் கொழுப்பை இனங்கண்டு பிடித்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. அது பிடித்தால்தான் புரதம் மென்சவ்வருகே நின்று கட்டளையை உள்ளே அனுப்பும். றஸீனின் புரதமொன்றில் அந்தப் பகுதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. பிடி கிடைக்கவில்லை. கட்டளை போய்ச் சேராததால், பிறபொருளெதிரி செய்யும் கலங்கள் முதிரவேயில்லை.

உம்மாவுக்கு விளக்கினேன்.

"ஆள் நல்ல வேலக்காரன். தோணி விளிம்பப் புடிச்சி ஏற ஏலாம தண்ணியிலயே மிதக்கிறான். அதானே?"

"ஓம் உம்மா."

"இதச் சொல்லவா நாலு வருசம் படிச்ச?"

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகளை இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த கச்சானுக்கு உம்மா அவனை வாடிக்கே கொண்டுபோனார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் வரவில்லை. மர்ளியா மாமி ஒரு சட்டி மீன் ஆணம் கொடுத்தனுப்பினார்.

பதினெட்டு வருடங்கள் கொழும்பு பஸ். ஒரு தவணையும் தவறவில்லை. தன் தங்கையின் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது, முதல் காய்ச்சல் வருமுன்பே சோதிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சண்டை பிடித்தார். அவனுக்கும் அதே மாற்றம். இப்போது இரண்டாம் வகுப்பில் எல்லோரையும் அடித்துக்கொண்டிருக்கிறான்.

உம்மா போன மாதம் மௌத்தானார். மூளையில் இரத்தக் கசிவு, இரண்டே நாள். என்னால் இன்னும் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

அவருடைய உம்மாவை அடக்கியபோது கபுறுக்குள் இறங்க மகன் ஒருவரும் இருக்கவில்லை. மருமகன்மார் இறங்கினார்கள். என் உம்மாவைக் கையில் வாங்கி வைத்தது றஸீன். வயது இருபது, ஆறடி உயரம்.