பெயில் கேட்டுப் போன டியூஷனக்கா

அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு. பதினோரு வருடம் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில் தெருவுக்கே டியூஷனக்கா ஆகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட "டியூஷனக்கா, கையெழுத்து" என்றுதான் நிற்பார்.

நாலரை மணிக்கு ஒரு கூட்டம், ஆறு மணிக்கு இன்னொரு கூட்டம். இது தேறாது என்று பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட பிள்ளையையும் முப்பத்தைந்துக்கு மேலே தூக்கி நிறுத்திவிடுவாள். "என்கிட்ட வந்த பிள்ள ஒண்ணுகூட பெயிலானதில்ல" என்று அவள் சொல்வதில் பெருமை இருந்தது. பொய் இல்லை. ஐந்து வருடக் கேள்வித்தாள்களைத் தரையில் பரப்பி, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பாள். அதை மட்டும் உருப்போட வைப்பாள். நடுவில் தடுக்கினால் மறுபடி முதல் வரியிலிருந்து. யாராவது ஒரு பிள்ளை, "அக்கா, இது புரியலக்கா" என்று தலையைச் சொறிந்தால், "புரியறது மெதுவா புரியட்டும். மொதல்ல பாஸ் பண்ணு" என்பாள்.

கணவருக்கு வெளிநாட்டில் வேலை. ஊர் அளவு பெரிய குளிர்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒன்றரை வருடம் தனியாக இருந்து, இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பிடித்து, மனைவியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் வரவழைத்துக்கொண்டார். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னல். எண்ணெய் சூடானால் கூரையில் இருக்கும் புகைமணி அலறும். பெரியவன் நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறுவான். அவனுக்குப் பதின்மூன்று வயது. வந்த பதினைந்தாம் நாளே பள்ளி மைதானத்தில் கூட்டாளி சேர்த்துவிட்டான். "பந்துக்கு எதுக்கும்மா பாஷை?" என்று கேட்டவன், ஆறு மாதத்தில் பாஷையையும் பிடித்துவிட்டான்.

சின்னவளுக்கு எட்டு வயது. வீட்டில் அவள் பெயர் ரேடியோ. கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூக்கம் வந்து கண்ணைச் சொருகும்போதுதான் நிற்கும். பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசுவாள். "இதுக்கு அணைக்கிற பட்டன் எங்க இருக்குன்னு டாக்டரக் கேக்கணும்" என்பான் அண்ணன்காரன்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே பள்ளி. அங்கே நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. பாஷை தெரியாமல் புதிதாக வந்த பிள்ளைகள் ஆறு பேர் அங்கே. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட உயரமான டீச்சர் ஒருவர். ரேடியோ முதல் நாளே துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அங்க ஒருத்திக்கு என்னைவிடக் கம்மியாத் தெரியுதும்மா! நாங்க ரெண்டு பேரும் கையாலயே பேசிக்கிட்டோம். அவளுக்கு ரெண்டு தம்பி. ஒருத்தன் கடிப்பான்."

"இவ்வளவையும் கையாலயா பேசினீங்க?"

"கடிக்கிறதுக்கு மட்டும் பல்லு."

டியூஷனக்காவுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. அவள் பழகிய உலகத்தில் தனி அறை என்றால் கடைசி பெஞ்சு. எத்தனை கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறாள், அவள் மகளே அங்கேயா? அந்த அறையைவிட்டு வெளியே வர ஒரு பரீட்சை உண்டு என்று பெரியவன் சொன்னான். படத்தைக் காட்டுவார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ரேடியோவின் பையில் பெரிய உறை ஒன்று வந்தது. உள்ளே பன்னிரண்டு படங்கள். வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து பார்த்துப் பேசி மகிழுங்கள், பரீட்சையில் இவற்றில் மூன்றைக் காட்டுவோம் என்று ஒரு குறிப்பு. பெரியவன் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, டியூஷனக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். கேள்வித்தாளையே குடுத்து அனுப்பிருக்காங்க! இவங்க என்னங்க, இவ்வளவு வெள்ளந்தியா இருக்காங்க!"

"பாத்துப் பேசி மகிழுங்கன்னுதானே போட்டிருக்கு" என்றார் கணவர்.

"பாஸ் பண்ணிட்டு மகிழலாம்."

ஒரு படத்துக்கு எட்டு வாக்கியம். பெரியவன் கைபேசியை வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பாஷையில் சொல்லச் சொல்ல, அவள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். தொண்ணூற்றாறு வாக்கியங்கள். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம். ஏழாவது படத்தில் அப்பாவும் மகளும் பட்டம் விடுகிறார்கள், பெரிய நாய் ஒன்று வேகமாக ஓடுகிறது. ரேடியோவுக்கு அந்தப் படத்தில் நாக்கு புரளவே இல்லை.

"அம்மா, இந்த நாய் யாரோடது?"

"அது பரீட்சைக்கு வேண்டாம். மொதல்லேருந்து சொல்லு."

மூன்று வாரத்தில் தொண்ணூற்றாறும் தண்ணீர்பட்ட பாடு. ஏற்ற இறக்கத்தோடு, எங்கே வியக்க வேண்டுமோ அங்கே புருவத்தைத் தூக்கிச் சொன்னாள். பெரியவன் மட்டும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்மா, நடுவுல ஏன்னு ஒரு கேள்வி கேட்டா இவளுக்குத் தெரியாதும்மா."

"பரீட்சையில ஏன்ங்கற கேள்வி வராதில்ல?"

வரவில்லை. முழு மதிப்பெண். பாராட்டுக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை முதல் முழு நாளும் பெரிய வகுப்பு. கணவர் அதைக் கிடங்குக்கு எடுத்துப்போய்ச் சக டிரைவர்களிடம் காட்டிவிட்டு வந்தார். டியூஷனக்கா ஊருக்கு எட்டுப் பேருக்கு போன் போட்டாள்.

பெரிய வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதல் வாரம் ரேடியோ, "நல்லா இருந்துச்சு" என்றாள். எப்போதும் சாப்பாட்டுத் தட்டு காயும்வரை விவரம் சொல்பவள், இரண்டே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டாம் வாரம் காலையில் வயிற்று வலி. மூன்றாம் வாரம் பல் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. "வீடு வெறிச்சுன்னு இருக்கே" என்று ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பழக்கம் இல்லாத இடம், பழகிவிடும் என்று டியூஷனக்கா அவருக்குச் சொன்னாள். தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை பெரியவன் காலணியைக் கழற்றாமலே உள்ளே வந்தான். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான்.

"ம்மா, இவ இன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா? பாத்ரூம் போயிட்டு வந்து பாத்தா கிளாஸ்ல யாருமே இல்ல. எல்லாரும் பாட்டு கிளாஸுக்குப் போயிட்டாங்க. காலையிலயே சொன்னாங்களாம், இவளுக்குப் புரியல. பையை மடியில வச்சுக்கிட்டுத் தனியா ஒக்காந்திருக்கா. ஒரு மணி நேரம்!"

"ஒரு மணி நேரமா?"

"தரையக் கூட்ட வந்த அம்மா பாத்துட்டு, ஏன் இங்க இருக்கன்னு கேட்டிருக்காங்க. இவ எந்திரிச்சு நின்னு..." அவன் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. "ஏழாவது படத்த ஒப்பிச்சிருக்காம்மா. பட்டம், நாய், எல்லாம். கடைசி வரைக்கும். அந்தம்மாதான் என்னத் தேடி வந்து சொன்னாங்க."

ரேடியோ கதவோரமாக நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி அத ஒப்பிச்ச?" என்று கேட்டாள் டியூஷனக்கா.

"அவங்க கேள்வி கேட்டாங்கம்மா" என்றாள் ரேடியோ. "எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதானே."

டியூஷனக்கா அடுப்படிக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தன்னிடம் படித்துத் தேறிப்போன பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த அறையில் இப்படி எழுந்து நின்றார்களோ.

பெரியவன் பள்ளியில் விசாரித்து வந்தான். பரீட்சை தேறியவர்களைச் சின்ன அறைக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம் இல்லை. அந்த மதிப்பெண் சரியில்லை என்று பெற்றோரே நேரில் வந்து காரணம் சொல்லி, தேர்ச்சியை ரத்து செய்யச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம். அதுவும் இந்த மாதக் கடைசிக்குள்.

"ஆக, டியூஷனக்கா போயி என் பொண்ண பெயிலாக்குங்கன்னு கேக்கப் போறீங்க?" என்றார் கணவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும், "நானும் லீவு போட்டுட்டு வரவா?" என்றார்.

"வேணாங்க. கெடுத்தது நான். நானே சொல்லிக்கிறேன்."

"நான் வந்து சொல்றேம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான் பெரியவன்.

"நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான்டா இருக்கும். எழுதிக் குடு, போதும்."

அந்த ஊர்ப் பாஷையில் ஒன்பது வரி. தமிழ் எழுத்தில். நான் இவளுடைய அம்மா. இந்த மதிப்பெண் என் மகளுடையது இல்லை. இது என்னுடையது. நான் அவளுக்குப் படங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவளுக்குப் பேசத் தெரியாது. இப்படிப் போனது. கட்டடத்து அடித்தளத்தில் பொதுச் சலவை அறை. அங்கே இயந்திரம் சுற்றி முடியும்வரை சொல்லிப் பார்த்தாள். துணி மடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து இரண்டு தரம் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன அறைக் கதவைத் தட்டினாள். டீச்சர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்து என்னவோ சொன்னார். அது ஒன்பது வரியில் இல்லை. டியூஷனக்கா வாசலைத் தாண்டி நின்று முதல் வரியை ஆரம்பித்தாள். இரண்டு, மூன்று. நன்றாகத்தான் வந்தது. டீச்சர் கையை நீட்டி மறுபடி என்னவோ கேட்டார். நாலாவது வரி எங்கோ போய்விட்டது. அவள் மறுபடி முதல் வரியிலிருந்து பிடித்தாள். நான் இவளுடைய அம்மா. இந்த மதிப்பெண் என் மகளுடையது இல்லை. டீச்சர் தலையைச் சாய்த்து, இன்னும் மெதுவாக, அதையே கேட்டார். முதல் வரியும் கைவிட்டுவிட்டது.

ரேடியோ அவள் புடவைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, ஒக்காரச் சொல்றாங்கம்மா. அவ்வளவுதான்."

குட்டி நாற்காலி. முழங்கால் மோவாயைத் தொடும்படி உட்கார்ந்தாள். டீச்சர் எதிரில் இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது ரேடியோவைப் பார்த்துக் கேட்டார். ரேடியோ எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். பதிலுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை டியூஷனக்காவுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வரிக்காகக் காத்திருக்கும் பார்வை. பதினோரு வருடமும் அதற்கு ஓர் அடி எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லடி" என்றாள். "எனக்கே மறந்துபோச்சு. உனக்கு என்ன வருதோ அதச் சொல்லு. தப்பா வந்தாலும் சொல்லு."

"தப்பா சொல்லலாமா?"

"சொல்லு."

ரேடியோ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு கட்டியிருந்த கையைப் பிரித்தாள். ஒரு சொல். ஒரு நிறுத்தம். இன்னொரு சொல். டியூஷனக்காவுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரிந்தது. அம்மா. படம். பெரிய. பெரிய என்று சொல்லிக் கையை அகல விரித்து ஓர் அறைபோலக் காட்டினாள். பிறகு, வேகமாக ஓடுகிறது. படத்து நாய்க்காகச் சொல்லிக் கொடுத்த வார்த்தையைத் தூக்கி வகுப்புக்குப் போட்டிருந்தாள். காதைத் தொட்டுக் காட்டித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். கடைசியில் தன்னையும் அம்மாவையும் மாறி மாறிச் சுட்டி, இரண்டு சொல்லில் முடித்தாள்.

டீச்சர் கழுத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்தார். காரணம் என்ற பெட்டியில் அவரே எழுதினார், நிறைய எழுதினார். பிறகு பேனாவைத் திருப்பி நீட்டினார். டியூஷனக்கா தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் ரேடியோவிடம் கையால் காட்டிக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

"காலையில இங்கயாம்மா" என்று ரேடியோ மொழிபெயர்த்தாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கயாம். படம் வரையறதும் விளையாட்டும்தானாம், பயப்பட வேண்டாமாம். நாளைக்கே வரலாமாம்."

"கடைசியா ரெண்டு வார்த்தை சொன்னியே, அது என்ன?"

"ரெண்டு பேரும் பெயிலுன்னு சொன்னேன்."

டீச்சர் என்னவோ கேட்டார். ரேடியோ சட்டென்று திரும்பிப் பதில் சொன்னாள். இது கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் பல்லைக் காட்டி முன்கையைக் கடிப்பதுபோல் செய்தாள். டீச்சர் வாய்விட்டுச் சிரித்து, அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். ரேடியோ அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

"என்னடி சொல்ற?"

"இரும்மா, முடிச்சிட்டுச் சொல்றேன்."

டியூஷனக்கா குட்டி நாற்காலியில் அப்படியே இருந்தாள். எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் எங்கே பிசகுகிறது என்று காது தானாகத் தேடும். இப்போதும் தேடியது. மகள் பேசுவதில் எது தப்பு, எது சரி என்று அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்பதாக இல்லை.